செத்த போர்டா, மறந்த போர்டா?

ஏற்காட்டில் கோடை மழைக்கு ஒரு வழக்கம் உண்டு. காலையில் வெயில் பளிச்சென்று அடிக்கும். மதியம் மூன்று மணிக்கு மேல் சேர்வராயன் கோயில் பக்கம் மேகம் கறுக்கும், ஒரு இடி இடிக்கும், முதல் தூறல் விழும்போதே கரண்ட் போய்விடும். காப்பித் தோட்டத்து சில்வர் ஓக் மரக்கிளை ஒன்று எங்கேயோ கம்பி மேல் சாய்ந்திருக்கும். மலையில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. மெழுகுவர்த்தி இருக்கும் இடத்துக்கு இருட்டிலேயே கை போய்விடும்.

அப்படி ஒரு மாலையில், ஒரு கல்லூரி மாணவன் தன் கம்ப்யூட்டரில் பயாஸ் அப்டேட் போட்டுக்கொண்டிருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 போடலாம் என்று பார்த்தால் டிபிஎம் 2.0 வேண்டும் என்கிறது. அதற்குப் பழைய பயாஸை மாற்றச் சொல்கிறார்கள். சரி என்று பைலை இறக்கி, பென் டிரைவில் போட்டு, ஆரம்பித்துவிட்டான். திரையில் 60 சதவீதம் ஓடியிருக்கும்போது கரண்ட் போகிறது. திரும்ப வந்ததும் பவர் பட்டனை அமுக்கினால் பேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரையில் மட்டும் ஒன்றும் இல்லை.

மறுநாள் கேபினட்டைத் தூக்கிக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்துக்குப் போகிறான். கடைக்காரர் ஒரு முறை ஆன் செய்து பார்க்கிறார். இரண்டே நிமிடம்தான்.

"தம்பி, போர்டு போயிருச்சு. மாத்திரலாம்."

இந்தக் காட்சி கற்பனை. ஆனால் அந்த வசனம் கற்பனை அல்ல. தமிழ்நாட்டில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் ஏதாவது ஒரு குடும்பத்தில் கேட்டுப் பாருங்கள், இதை ஒரு முறையாவது கேட்டிருப்பார்கள். இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றுதான். பயாஸ் அப்டேட்டுக்குப் பிறகு எழுந்திருக்காத போர்டைச் செத்துவிட்டது என்று சொல்பவர், அதை நிரூபித்துவிட்டுச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்த ஒரு வகைக் கோளாறில், போர்டு பெரும்பாலும் சாவதில்லை. அது மறந்துபோகிறது, அவ்வளவுதான்.

எட்டுக் கால் பூச்சி

மதர்போர்டில் ஒரு மூலையில் எட்டுக் கால்களோடு சுண்டுவிரல் நகத்தை விடச் சின்னதாக ஒரு சிப் இருக்கும். மேலே 25 என்று தொடங்கும் எண் இருக்கும். உதாரணமாக 25க்யூ128 என்றால் அதில் 16 எம்பி இடம் இருக்கிறது. செல்போனில் எடுக்கும் மூன்று நான்கு போட்டோக்களின் அளவு. பயாஸ் முழுவதும் அதற்குள்தான் உட்கார்ந்திருக்கிறது.

பவர் பட்டனை அமுக்கியதும் ப்ராசசர் முதலில் தேடிப் போவது இந்தச் சிப்பைத்தான். "நான் யார், ராம் எங்கே, டிஸ்ப்ளே எங்கே, ஹார்டு டிஸ்க் எங்கே" என்பதெல்லாம் அங்கேதான் எழுதியிருக்கிறது. அப்டேட் என்றால் அந்த எழுத்தை அழித்துவிட்டுப் புதிதாக எழுதுவது. அழித்து முடித்து எழுதி முடிக்காத நேரத்தில் கரண்ட் போனால் பாதிப் பலகை காலியாக நிற்கும். ப்ராசசர் வந்து படித்துப் பார்க்கும், ஒன்றும் புரியாமல் அப்படியே நின்றுவிடும்.

இதில் எங்காவது ஒரு கெப்பாசிட்டர் வெடித்ததா? இல்லை. ஏதாவது கருகியதா? இல்லை. பல ஆயிரம் ரூபாய் போர்டில் எல்லாப் பாகமும் முழுசாக இருக்கிறது. கெட்டுப்போனது 16 எம்பி எழுத்து மட்டும். எழுத்தைத் திரும்ப எழுத முடியும்.

1999 சொன்ன பாடம்

இது இன்றைக்கு வந்த ஞானம் இல்லை. 1998இல் தைவானில் சென் இங்-ஹாவ் என்ற கல்லூரி மாணவர் ஒரு வைரஸ் எழுதினார். சிஐஹெச் என்று பெயர், அவருடைய பெயரின் முதலெழுத்துகள். அது வெடித்த ஏப்ரல் 26, செர்னோபில் அணு உலை விபத்து நடந்த தேதியாகவும் அமைந்துவிட்டதால் "செர்னோபில் வைரஸ்" என்ற பெயரே நிலைத்துவிட்டது. 1999 ஏப்ரல் 26 அன்று அது உலகம் முழுக்க விண்டோஸ் 95, 98 கம்ப்யூட்டர்களில் வேலையைக் காட்டியது. தென் கொரியாவில் மட்டும் லட்சக்கணக்கில் பாதிப்பு. இந்தியாவும் தப்பவில்லை.

அந்த வைரஸ் இரண்டு காரியம் செய்தது. ஹார்டு டிஸ்க்கின் தொடக்கப் பகுதியைக் குப்பையால் நிரப்பியது. சில வகை போர்டுகளில் பயாஸ் சிப்பையும் அழித்தது. மறுநாள் கம்ப்யூட்டரை ஆன் செய்தவர்கள் பார்த்தது அந்த ஏற்காட்டு மாணவன் பார்த்த அதே காட்சிதான். பேன் சுற்றுகிறது, திரை இருட்டு.

அன்றைக்கும் எத்தனையோ நல்ல போர்டுகளுக்குப் பால் ஊற்றினார்கள். ஆனால் விஷயம் தெரிந்த மெக்கானிக்குகள் ஒரு வித்தை செய்தார்கள். அந்தக் காலத்தில் பயாஸ் சிப் பல போர்டுகளில் சாக்கெட்டில்தான் உட்கார்ந்திருக்கும். அதே மாடல் போர்டு வேறொன்றை ஆன் செய்து, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் சிப்பைப் பிடுங்கிவிட்டு, அழிந்துபோன சிப்பை அங்கே செருகி, அதில் புதிதாக எழுதி எடுத்தார்கள். ஆபத்தான வேலைதான், ஆனால் நடந்தது. "செத்த" போர்டு எழுந்து உட்கார்ந்தது.

பிறகு செலவைக் குறைக்கிறோம் என்று சாக்கெட்டை எடுத்துவிட்டு, சிப்பை போர்டிலேயே பற்றவைத்துவிட்டார்கள். கோளாறு அதேதான், கை வைக்கிற வழி மட்டும் கடினமாகிவிட்டது. "போர்டு போச்சு" என்ற தீர்ப்பு இவ்வளவு மலிந்ததற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

தீர்ப்புக்கு முன்னால் விசாரணை

திரை இருட்டாக இருந்தாலே பயாஸ் அழிந்துவிட்டது என்றும் அர்த்தமில்லை. அப்டேட் ஒழுங்காக முடிந்திருந்தும் டிஸ்ப்ளே வராமல் போக நாலைந்து காரணங்கள் இருக்கின்றன. எளியதிலிருந்து கடினத்துக்குப் போவதுதான் முறை.

முதல் வேலை, சும்மா இருப்பது. கிண்டல் இல்லை :-) பயாஸ் மாறியதும் போர்டு ராமை முதலிலிருந்து பழக வேண்டும். டிடிஆர்5 ராம் போட்ட புதிய போர்டுகளில் இதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கும். அதுவரை திரை இருட்டாகவே இருக்கும். பதறிப்போய் பட்டனை அமுக்கி அணைப்பவர்கள் அந்தப் பாடத்தைப் பாதியில் நிறுத்துகிறார்கள். ஒரு பத்து நிமிடம் டீ குடித்துவிட்டு வந்து பார்ப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

இரண்டாவது, பழைய செட்டிங்கை அழிப்பது. ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, போர்டில் இருக்கும் வட்ட பேட்டரியைக் (சிஆர்2032) கழற்றிச் சில நிமிடம் விட்டு மாட்ட வேண்டும். அல்லது அதற்கென்று இருக்கும் ஜம்பரைத் தொட வைக்க வேண்டும். பழைய பயாஸின் செட்டிங் புதிய பயாஸுக்கு ஒத்துவராமல் நின்றுபோனால் இதிலேயே சரியாகிவிடும்.

மூன்றாவது, ராம். ஒன்றே ஒன்றை மட்டும் வைத்துப் பார்ப்பது, இடம் மாற்றிப் பார்ப்பது. ஏற்காடு மாதிரி பனிமூட்டமும் ஈரமும் உள்ள ஊரில் ராமின் தங்க நிறப் பற்களில் மங்கல் படிவது சகஜம். ரப்பரால் மெதுவாகத் துடைத்து மாட்டினாலே எழுந்த கம்ப்யூட்டர்கள் எத்தனையோ. அப்டேட்டின் மீது பழி போடுவதற்கு முன் இதைப் பார்த்துவிட வேண்டும்.

நான்காவது, டிஸ்ப்ளே ஒயர். அப்டேட் செய்ததும் செட்டிங் எல்லாம் பழைய நிலைக்குப் போய்விடும். டிஸ்ப்ளே வேறு போர்ட்டில் வந்துகொண்டிருக்கலாம். பழைய கிராபிக்ஸ் கார்டாக இருந்தால், அதற்குத் தேவையான சிஎஸ்எம் என்ற செட்டிங் அணைந்துபோய்த் திரை இருண்டிருக்கலாம். கார்டைக் கழற்றிவிட்டு போர்டின் சொந்த டிஸ்ப்ளேயில் பார்த்தால் தெரிந்துவிடும். (ப்ராசசரில் கிராபிக்ஸ் இருந்தால் மட்டும்.)

ஐந்தாவது பலருக்குத் தெரியாதது. புதிய பயாஸுக்குப் பழைய ப்ராசசர் தெரியாமல் போகலாம். ஏஎம்டியின் ஏஎம்4 போர்டுகளில் இது நிஜமாகவே நடந்தது. 2019இல் ரைசன் 3000 வந்தபோது, 16 எம்பி சிப்பில் இடம் பற்றாமல் சில போர்டுகளின் புதிய பயாஸில் பழைய ப்ராசசர்களுக்கான ஆதரவை வெட்டினார்கள். செகண்ட் ஹேண்டில் போர்டும் பழைய ப்ராசசரும் வாங்கி அப்டேட் செய்பவர், போர்டு கம்பெனியின் தளத்தில் ப்ராசசர் பட்டியலை முதலில் பார்த்துவிட வேண்டும். இங்கே போர்டும் நல்லது, ப்ராசசரும் நல்லது, இரண்டுக்கும் பேச்சுவார்த்தை மட்டும் இல்லை.

ஆறாவது, போர்டு கம்பெனியே வைத்திருக்கும் பின்வாசல். ஆசுஸ், எம்எஸ்ஐ, கிகாபைட் போர்டுகள் பலவற்றில் பின்பக்கம் ஒரு சின்ன பட்டன் இருக்கும். சரியான பெயரில் பைலைப் பென் டிரைவில் (பேட்32 பார்மட்) போட்டு, குறித்த யுஎஸ்பி துளையில் செருகி அந்தப் பட்டனை அமுக்கினால், ப்ராசசரும் ராமும் இல்லாமலே பயாஸ் திரும்ப எழுதப்படும். சில கிகாபைட் போர்டுகளில் இரண்டாவது சிப்பே உண்டு. லேப்டாப் என்றால் ஹெச்பியில் விண்டோஸ் கீயையும் பி கீயையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஆன் செய்வது, டெல்லில் கன்ட்ரோலும் எஸ்கேப்பும் பிடித்துக்கொண்டு சார்ஜரைச் செருகுவது என்று வழிகள் வைத்திருக்கிறார்கள். எல்லா மாடலிலும் இல்லை, இருக்கிற மாடலில் காசு செலவில்லை.

இத்தனையும் பலிக்காவிட்டால்தான் ஏழாவது. எழுதும் கருவி, அதாவது ப்ரோக்ராமர். சிஹெச்341ஏ என்று ஒரு சின்னக் கருவி, யுஎஸ்பியில் செருகுவது. கூடவே சிப்பைக் கவ்விப் பிடிக்க ஒரு கிளிப். இரண்டும் சேர்ந்து ஆன்லைனில் சில நூறு ரூபாய்தான். சிப்பைப் பிடுங்காமலே பல போர்டுகளில் இதை வைத்து எழுதிவிடலாம்.

இங்கே மட்டும் ஜாக்கிரதை வேண்டும். சில சிப்புகள் 3.3 வோல்ட், சில 1.8 வோல்ட். மாற்றிக் கொடுத்தால் அதுவரை உயிரோடு இருந்த சிப் அப்போதுதான் நிஜமாகச் சாகும். எழுதுவதற்கு முன் பழையதை ஒரு முறை படித்துச் சேமித்துக்கொள்ள வேண்டும். அந்தச் சிப்புக்குள் போர்டின் நெட்வொர்க் முகவரி, லேப்டாப்பின் சீரியல் நம்பர், விண்டோஸ் கீ போன்றவையும் இருக்கலாம். தளத்தில் கிடைத்த பைலை அப்படியே மேலே எழுதினால் அதெல்லாம் போய்விடும். கை நடுங்குகிறவர்கள் சிப் லெவல் சர்வீஸ் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது.

இந்த ஏழையும் தாண்டியும் எழவில்லை என்றால், அப்போது "போர்டு போச்சு" என்று சொல்லட்டும். யாரும் மறுக்கப் போவதில்லை.

கணக்கு யார் பக்கம்?

போர்டு எட்டாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கதை அதோடு முடிவதில்லை. நான்கைந்து வருடப் பழைய ப்ராசசருக்குப் புதுப் போர்டு கிடைப்பது அபூர்வம். "அப்படியே ப்ராசசரும் ராமும் மாத்திரலாம் தம்பி" என்பார்கள். எட்டாயிரம் இருபதாயிரம் ஆகும். காப்பித் தோட்டத்துக் கூலியில் பிள்ளையைப் படிக்க வைக்கும் ஒரு வீட்டுக்கு இருபதாயிரம் என்பது ஒரு செமஸ்டர் பீஸ். பல வீடுகளில் அந்தக் கம்ப்யூட்டர் திரும்ப வாங்கப்படாமலே போகும்.

மறுபக்கம், கருவி ஒரு முறை வாங்கினால் போதும். வேலைக்கு ஒரு மணி நேரம். ஐந்நூறு ரூபாய் கூலி வாங்கினாலும் இருவருக்கும் லாபம். பிறகு ஏன் கடைகள் இதைச் செய்வதில்லை?

கடைக்காரர்களை மட்டும் திட்டினால் அது நியாயம் இல்லை. அவர்கள் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. போர்டு மாற்றினால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும், கம்பெனி வாரண்டி உண்டு, நாளை பிரச்சினை வந்தால் கம்பெனியைக் காட்டிவிடலாம். ரிப்பேர் செய்தால் அந்தப் பொறுப்பு அவர் தலையில். அதை விடப் பெரிய விஷயம், பார்த்த கூலி என்று எதையும் தர நாம் பழகவில்லை. டாக்டரிடம் நோய் என்ன என்று கேட்க பீஸ் கொடுக்கிறோம். மெக்கானிக் இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு "ராம்தான் லூஸ், துடைச்சு மாட்டியிருக்கேன்" என்றால், "இதுக்கா முந்நூறு ரூபாய்?" என்கிறோம். பொருளுக்குக் காசு கொடுப்போம், அறிவுக்குக் கொடுக்க மாட்டோம் என்றால் கடைக்காரர் பொருளைத்தான் விற்பார். "போர்டு போச்சு" என்ற பொய்யில் வாடிக்கையாளருக்கும் பங்கு உண்டு.

ஆகவே மாற வேண்டியது இரண்டு பக்கமும். கடைக்காரர் என்னென்ன பார்த்தேன் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தர வேண்டும். வாடிக்கையாளர் அந்தச் சீட்டுக்குக் காசு தர வேண்டும்.

அப்படியென்றால் அப்டேட்டே வேண்டாமா?

"ஓடுற வண்டியில ஏன் கை வைக்கிற" என்று சொல்பவர்கள் உண்டு. பாதி நாள் அது சரி. புது எண் வந்துவிட்டது என்பதற்காக மட்டும் பயாஸை மாற்றுவது வீண் ஆபத்து.

ஆனால் மீதிப் பாதி நாள் அது தவறு. 2023இல் ஏஎம்டியின் ரைசன் 7000எக்ஸ்3டி ப்ராசசர்கள் சில, வோல்டேஜ் அதிகமாகிக் கருகின. வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் திருத்தம் பயாஸ் வழியாகத்தான் வந்தது. 2024இல் இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசசர்கள் சிலவும் அதிக வோல்டேஜால் மெல்ல மெல்லப் பழுதாகின்றன என்று தெரிந்தது. திருத்தம் ஆகஸ்டில் பயாஸ் வழியாகவே வந்தது. ஏற்கெனவே பழுதானதை அது சரிசெய்யாது, இனி ஆகாமல் பார்த்துக்கொள்ளும். இந்த ப்ராசசர்களை வைத்துக்கொண்டு "கை வைக்க மாட்டேன்" என்று இருந்தவருக்குத்தான் நஷ்டம்.

இன்னொன்று, இப்போதெல்லாம் கை வைப்பது எப்போதும் நீங்களாக இருப்பதில்லை. லேப்டாப்களில் விண்டோஸ் அப்டேட்டோடு பயாஸும் தானாக வந்து இறங்குகிறது. 2024 மே மாதம் ஹெச்பி ப்ரோபுக் மாடல் ஒன்றில் அப்படி வந்த பயாஸால் லேப்டாப் எழவில்லை என்று பலர் புகார் செய்தது செய்திகளில் வந்தது. தொடாமல் இருந்தாலும் தொடப்படும் காலம் இது.

எனவே கேள்வி போடுவதா வேண்டாமா என்பதல்ல, எப்போது, எப்படி என்பதுதான். காரணம் தெரிந்தால் மட்டும் போட வேண்டும். டெஸ்க்டாப்புக்கு யுபிஎஸ் இல்லாமல் போடக்கூடாது. யுபிஎஸ் பேட்டரி நல்ல நிலையில் இருக்கிறதா என்று ப்ளக்கைப் பிடுங்கி முந்தின நாளே பார்த்துவிட வேண்டும். லேப்டாப் என்றால் பேட்டரியும் நிறைந்திருக்க வேண்டும், சார்ஜரும் செருகியிருக்க வேண்டும். பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் ரெக்கவரி கீயைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் போர்டு எழுந்தாலும் பைல்கள் எழாது. போர்டின் மாடல் எண்ணோடு அதன் ரிவிஷன் எண்ணும் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். ஏற்காட்டுக்காரர்களுக்கு மட்டும் கூடுதலாக ஒன்று: காலையில் போடுங்கள், மூன்று மணிக்கு மேல் வேண்டாம்.

மலைக்குத் தேவை ஒரு கருவி

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. அந்த மாதிரி நாட்களில் சேலம் என்பது வேறு தேசம். குப்பனூர் வழி சுற்றிப் போகலாம் என்றாலும், ஒரு கேபினட்டைத் தூக்கிக்கொண்டு யார் போவது? எல்லாக் கோளாறுக்கும் கீழே இறங்க வேண்டும் என்றால் மலையில் இருப்பவர்களுக்கு ஒவ்வொரு கோளாறும் இரண்டு மடங்கு செலவு.

கம்பெனிகள் தங்கள் மலிவான போர்டிலும் அந்தச் சின்ன பட்டனை வைக்க வேண்டும். பெரும்பாலும் விலை கூடிய மாடல்களில்தான் அதை வைக்கிறார்கள். யுபிஎஸ் வாங்க முடியாதவர் வாங்குவது மலிவான போர்டு. ஆக, பட்டன் யாருக்கு அதிகம் தேவையோ அவருக்குத்தான் அது இல்லை.

அதுவரை, மலையில் ஒரு கடையிலாவது, இல்லாவிட்டால் ஒரு பள்ளி லேபிலாவது, சில நூறு ரூபாய்க்கு அந்தக் கருவி ஒன்று இருந்தால் போதும். அதைப் பயன்படுத்தத் தெரிந்த ஒரு ஆள் இருந்தால் போதும். கற்றுக்கொள்ள ஒரு விடுமுறை வாரம் ஆகும்.

அந்த மாணவனுக்கு ஒரே ஒரு ஆலோசனை. கடைக்காரர் "போர்டு போயிருச்சு" என்றதும் பர்ஸை எடுக்காதே. "எப்படிப் பாத்தீங்கண்ணா?" என்று மரியாதையாக ஒரு கேள்வி கேள். பதில் இருந்தால் கூலி கொடு. பதில் இல்லை என்றால் கேபினட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த கடைக்கு நட.